உரிக்க வராத வால்பேப்பர் மேல ஆயில் பிரைமர் அடிச்ச கதை – எட்டு மாசம் கழிச்சு ஒரு ரிவ்யூ

வேலூரைப் பத்தி பழைய கிண்டல் ஒண்ணு இருக்கு, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு. சாமி விஷயம் 1981-ல ஜலகண்டேஸ்வரரை சத்துவாச்சாரியிலருந்து திரும்ப கோட்டைக்குள்ள கொண்டாந்து வெச்சதோட முடிஞ்சுபோச்சு, பாலாறு கூட 2021 நவம்பர்ல ரெண்டு கரையையும் தொட்டு ஓடி காட்டிடுச்சு. காலியான அந்த எடத்துல எங்க வீட்டு வால்பேப்பரை சேத்துக்கலாம். ஒட்டிக்கினும் நிக்கல, உரிக்கவும் வரல.

நான் இங்க ரிவ்யூ பண்ணப்போறது ஆயில் பேஸ் சுவர் பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன்னால அடியில அடிக்கற பூச்சு. டின் மேல எஸ்.டி.ன்னு போட்டிருக்கும், அதாவது டர்பன்டைன் ஊத்தி கலக்கறது. தண்ணி ஊத்தி கலக்கறது டபிள்யூ.டி. கம்பெனி பேரு சொல்லல, ஏன்னா எல்லா பெரிய கம்பெனியிலயும் இந்த சரக்கு இருக்கு, நான் ரெண்டு டின் வாங்கினேன், ரெண்டும் வேற வேற கம்பெனி, எனக்கு வித்தியாசம் தெரியல. கூடவே அதை அடிச்சு குடுத்த மேஸ்திரி வேலையைப் பத்தியும் சொல்றேன், ஏன்னா இந்த விஷயத்துல டின்னு பாதி, கை பாதி.

மொதல்ல வீட்டைப் பத்தி சொல்லிடறேன், இல்லன்னா ஏன் இவ்ளோ பாடுபட்டேன்னு புரியாது. வேலப்பாடி பக்கம் மாமனாரோட அப்பா கட்டின வீடு, மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரம் மேல செங்கல் அடுக்கின பழைய மாடி), சுண்ணாம்பு பூச்சு சுவரு. பக்கவாட்டுல தனி வாசலோட ஒரு ஹால், ஒரு ரூம், சின்ன கிச்சன். அதை சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வர்றவங்களுக்கு வாரக்கணக்குல, சில சமயம் மாசக்கணக்குல விடறோம். கல்கத்தா, அஸ்ஸாம், ஜார்க்கண்ட் பக்கத்துலருந்து குடும்பத்தோட வந்து தங்குவாங்க, லாட்ஜ்ல சமைக்க விடமாட்டாங்கன்னு வீடா தேடுவாங்க. இந்த ஊர்ல இருக்கறவங்களுக்கு இது புதுசு இல்ல. அதனால அந்த போர்ஷன் ஒரு வாரம் காலியா கெடந்தா எங்களுக்கு நஷ்டம், அதோட வந்து தங்கறது நோயாளிங்க, பெயிண்ட் வாடை மூக்குல ஏறற வீட்டுல அவங்களை படுக்க வெக்க முடியாது. இந்த ரெண்டும்தான் கடைசி வரைக்கும் என் தலைவலி.

2017-ல எங்க வீட்டுக்காரருக்கு திடீர்னு ஆசை, வர்றவங்க போட்டோ பாத்து புக் பண்றாங்க, வால்பேப்பர் ஒட்டினா பளிச்சுனு இருக்கும்னு. ஹால்ல 14-க்கு 10 அடி நீள சுவரு ஒண்ணு, ரூம்ல 11-க்கு 10 ரெண்டு சுவரு, மொத்தம் 360 சதுர அடி. ஒரு ரோல் 57 சதுர அடிதான் வரும், பூ டிசைன் ஒண்ணோட ஒண்ணு சேரணும்னு வெட்டி வேஸ்ட் ஆகும்னு எட்டு ரோலுக்கு பில் போட்டாங்க. க்ரீம் கலர்ல புடைச்ச கொடி, அதுல செவப்பு பூ, ஓரத்துல தங்க கோடு. அத்தை பாத்துட்டு "கல்யாண மண்டபம் மாதிரி கீது"ன்னு சொன்னாங்க, அது பாராட்டா திட்டான்னு இன்னி வரைக்கும் எனக்கு தெரியல. ஒட்ட வந்த பையன் பழைய சுண்ணாம்பை சொரண்டிட்டு, பிரைமர் எதுவும் அடிக்காம நேரா பூச்சு மேலயே ஒட்டினான், சுவரு பழசு பிடிக்காதுன்னு பசையில வெள்ளை கோந்தை வேற தாராளமா கலந்தான். அப்ப நமக்கு என்னா தெரியும், கெட்டியா நிக்கட்டும்னு டீ போட்டு குடுத்தேன்.

அஞ்சாறு வருஷத்துல ஸ்விட்ச் போர்டு சுத்தி கை பட்டு எண்ணெய் கறை, கட்டில் தலைமாட்டுல கருப்பா ஒரு பட்டை, ஜாயிண்டுல அங்கங்க உதடு மாதிரி பிரிஞ்சு நிக்குது. போன வருஷம் மார்ச்ல ஒரு பெயிண்டரை கூப்பிட்டோம். (எந்த ஏரியா ஆளுன்னு கூட சொல்லமாட்டேன், பாவம், நல்ல மனுஷன்தான், தெரியாம பண்ணிட்டாரு.) அவரு பாத்துட்டு "இதுக்கு எதுக்கு உரிக்கணும், மேலயே ரெண்டு கோட்டு எமல்ஷன் அடிச்சா முடிஞ்சுது"ன்னாரு. எமல்ஷன்னா தண்ணி ஊத்தி அடிக்கற சுவர் பெயிண்ட். அன்னிக்கே ஜாயிண்டுல பட்டி (சந்து, பள்ளம் அடைக்கற மாவு) வெச்சு, மதியம் ஹால் சுவருல எமல்ஷன் மொத கோட்டு. சாயங்காலம் பாக்க சூப்பரா இருந்துச்சு. காலையில போய் கதவு தொறந்தா சுவரு பூரா எண்ணெயில போட்ட அப்பளம் மாதிரி உப்பி உப்பி நிக்குது, சிலது கொட்டாங்கச்சி சைஸு, ஜாயிண்டெல்லாம் வாயை பொளந்துக்கினு கெடக்கு, செவப்பு பூ இருந்த எடத்துல ரோஸ் கலர் கசிஞ்சு வெள்ளையில எறங்கியிருக்கு.

ஏன் அப்படி ஆச்சுன்னு பின்னால மேஸ்திரி சொல்லித்தான் புரிஞ்சுது. வால்பேப்பர் பசை தண்ணியில கரைச்சு ஒட்டறது, காஞ்சாலும் திரும்ப தண்ணி பட்டா எளகும். எமல்ஷன்ல நெறைய தண்ணி, பட்டியிலயும் தண்ணி. அந்த தண்ணி ஜாயிண்டு வழியா, கீறல் வழியா உள்ள போயி காயிதத்தை ஊற வெச்சுடும், ஊறின காயிதம் நீளும், நீண்டது போக எடமில்லாம உப்பும். கோந்து நெறைய விழுந்த எடத்துல மட்டும் கெட்டியா நிக்கும், விழாத எடத்துல எழும்பும், அதான் புள்ளி புள்ளியா அப்பளம். நம்ம வீட்ல போஸ்ட் கவர்ல ஸ்டாம்ப் எடுக்க தண்ணியில போடுவோமே, அதே வேலையை நாங்க சுவருக்கு காசு குடுத்து பண்ணியிருக்கோம்.

சரி, தண்ணி பட்டா எளகுதுல்ல, அப்ப முழுசா ஊற வெச்சு உரிச்சுடலாம்னு ஏப்ரல்ல நானும் என் தம்பியும் எறங்கினோம். சுடுதண்ணி, ஸ்பாஞ்ச், ஸ்கிராப்பர். மேல இருக்கற வழவழ தோலு, வினைல், அது சில எடத்துல அழகா கையோட வந்துச்சு. அடியில இருக்கற காயிதம் மட்டும் கோந்தோட இறுகி கெடக்கு. ரூம்ல ஜன்னல் கீழ தம்பி கொஞ்சம் பலமா இழுத்தான், பொத்துனு ஒரு சத்தம், காயிதத்தோட சேந்து சுண்ணாம்பு பூச்சு தோசை சைஸுக்கு பேந்து கீழ விழுந்துச்சு, உள்ள செங்கல்லு தெரியுது. இன்னொரு எடத்துல பாத்தோம், அங்கயும் அதே. எழுபது வருஷ பூச்சை விட எட்டு வருஷ கோந்து கெட்டி. எங்க வீட்டுக்காரர் வந்து பாத்துட்டு ஒரு வார்த்தை பேசல, ஸ்கிராப்பரை மட்டும் வாங்கி மேல பரண்ல வெச்சுட்டாரு. முழுசா உரிச்சா முழுசா பூசணும், 360 சதுர அடி கொத்தனார் வேலை, மணல், சிமெண்ட், காய ஒரு மாசம், வாடகை போச்சு. அதனாலதான் மேலயே அடிக்கற வழியை தேட ஆரம்பிச்சேன். ஒழுங்கா உரிக்க வர்ற வால்பேப்பரா இருந்தா உரிச்சுடுங்க, அதுல ரெண்டாவது பேச்சே கெடையாது, இது வேற வழியே இல்லாதவங்களுக்கு எழுதறது. புதுசா கட்டற வீட்ல ஜிப்சம் போர்டு மேல நேரா ஒட்டியிருந்தாலும் இதே கதிதான், இழுத்தா போர்டோட மேல் காயிதமும் சேந்து கிழியும்.

லாங்கு பஜார்ல ஒரு பழைய பெயிண்ட் கடை, கல்லாவுல உக்காந்திருந்த பெரியவர் கிட்ட போட்டோ காட்டினேன். ரெண்டே கேள்விதான் கேட்டாரு, சுவருல ஓதம் இருக்கா, காயிதம் தண்ணி குடிக்குதா. ஓதம் ஜன்னல் ஓரமா கொஞ்சம்னு சொன்னேன், அதை மொதல்ல சரி பண்ணு அப்பறம் என் கிட்ட வான்னு சொல்லிட்டு பக்கத்து ஆளுக்கு டின் எடுக்க போயிட்டாரு. நெஜமாவே சரக்கு விக்காம திருப்பி அனுப்பின கடையை நான் அன்னிக்குதான் பாத்தேன். வெளிய போயி பாத்தா ஜன்னல் மேல சன்ஷேடுல விரிசல், மழைத்தண்ணி அங்கருந்து எறங்கியிருக்கு. கொத்தனாரை விட்டு அதை அடைச்சோம், உள்ள பூச்சு பேந்த எடத்தையும் பூசிட்டு அப்படியே நாலு வாரம் விட்டோம். ஏன் நாலு வாரம்னா, பச்சை சிமெண்ட் மேல ஆயில் சரக்கு அடிச்சா சிமெண்ட்ல இருக்கற காரம் எண்ணெயை சோப்பு மாதிரி ஆக்கிடுமாம், பிசுபிசுன்னு ஆகி உரிஞ்சுடும்.

மே கடைசியில அதே கடைக்கு போனேன், பெரியவர் எஸ்.டி. பிரைமர் நாலு லிட்டர் டின் எடுத்து வெச்சுட்டு, இதை அடிக்க தெரிஞ்ச ஆளுன்னு ஒரு மேஸ்திரி நம்பரும் குடுத்தாரு. கொசப்பேட்டைக்காரர், அறுபது வயசு இருக்கும், டி.வி.எஸ். வண்டியில முன்னால பிரஷ் டப்பா, பின்னால ஒரு ஹெல்பர் பையன். வந்தவரு சுவரை பாத்துட்டு மொத வார்த்தை, "இன்னாமா இது, எவன்மா ஒட்டுனது?" ரெண்டாவது வார்த்தை, "அதுமேல எவன்மா எமல்ஷன் அடிச்சது?" நான் பதில் சொல்லல.

உடனே ரேட் பேசல அவரு, அதுதான் எனக்கு புடிச்சது. ஒரு ஈரத்துணியை எடுத்து மூணு எடத்துல வெச்சு பாத்தாரு. தோலு இருக்கற எடத்துல தண்ணி முத்து முத்தா நின்னுச்சு, தோலு உரிஞ்ச எடத்துல காயிதம் கருத்து குடிச்சுச்சு. அப்பறம் விரல் முட்டியால சுவரு பூரா தட்டிக்கினே போனாரு, தர்பூசணி பாக்கற மாதிரி, டொப்பு டொப்புனு கேட்ட எடத்துல எல்லாம் பென்சில்ல வட்டம். கதவு பின்னால ரெண்டு அடிக்கு ரெண்டு அடி பிரைமர் அடிச்சு காய வெச்சு, அதுமேல எமல்ஷனும் அடிச்சுட்டு, "ரெண்டு நாளு பாப்போம்மா, உப்பலன்னா வேலையை எடுத்துக்கறேன், உப்புச்சுனா நீ கொத்தனாரை கூப்டுக்க"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு. நீங்க எந்த ஆளை வெச்சு பண்ணாலும் இந்த டெஸ்டை மட்டும் விடாதீங்க, ஒரு கால் லிட்டர்ல விஷயம் தெரிஞ்சுடும்.

ரெண்டு நாள் கழிச்சு உப்பல. வேலை ஆரம்பிச்சுது.

இதுல வரிசைதான் முக்கியம், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன், பொறுத்துக்கோங்க. மெயின் ஆஃப் பண்ணிட்டு ஸ்விட்ச் போர்டு மூடியெல்லாம் கழட்டினாங்க. எண்ணெய் கறையை சோப்புத்தண்ணியில பிழிஞ்ச துணியால தொடைச்சாங்க, ஊத்தி கழுவல. பென்சில் வட்டம் போட்ட உப்பலை எல்லாம் பிளேடால கீறி, உள்ள வெள்ளை கோந்தை சிரிஞ்சுல விட்டு, ரோலரால அழுத்தி, முடியாததை வெட்டியே எடுத்துட்டாங்க. ஜாயிண்டுல பிரிஞ்சு நின்ன ஓரத்தையும் அதே மாதிரி, ஒட்டினா ஒட்டு, இல்லன்னா வெட்டு. அப்பறம் 150 நம்பர் உப்புத்தாள் வெச்சு மேலாப்புல ஒரு தேய்ப்பு, வினைல் தோலோட பளபளப்பு போகற அளவுக்குத்தான், இல்லன்னா பிரைமர் புடிக்காம நாளைக்கு தோலு மாதிரி உரிஞ்சு வந்துடும். ரொம்ப தேய்ச்சாலும் கிழிஞ்சுடும். தூசியை காஞ்ச துணியால தொடைச்சுட்டு, பிரைமர் மொத கோட்டு. ஒரு ராத்திரி முழுக்க காய விட்டாங்க.

அதுக்கு அப்பறம்தான் பட்டி. மொத பெயிண்டர் பட்டியை நேரா காயிதத்து மேல வெச்சாரு பாருங்க, அங்கதான் தப்பு. பிரைமர் அடிச்சு தண்ணி உள்ள போகற வழியை அடைச்சுட்டு, அதுமேல பட்டி வெச்சா பட்டியில இருக்கற தண்ணி காயிதத்துக்கு போகாது. அதுவும் வெள்ளை சிமெண்ட் பட்டி வேணாம்னுட்டாரு, அதுக்கு சுவரை நனைக்கணும், நனைக்கறதுதான் நமக்கு ஆகாதே. டப்பாவுல ரெடியா வர்ற அக்ரிலிக் பட்டி, ஜாயிண்டுல ஒரு முழம் அகலத்துக்கு ரெண்டு தடவை, அங்கங்க பழைய ஸ்டைல்ல அவரே கலக்கின ஆயில் லப்பம், அதாவது எண்ணெய் விட்டு பிசையற பட்டி. காஞ்சதும் மறுபடி தேய்ப்பு, மறுபடி பிரைமர் ரெண்டாவது கோட்டு. அதுக்கு மேலதான் எமல்ஷன் ரெண்டு கோட்டு. மொத்தம் ஆறு நாளு, பாக்கறதுக்கு ஒரே வெள்ளையை ஆறு நாளா அடிச்சுக்கினே இருக்கற மாதிரி இருக்கும், அத்தை தெனம் வந்து "இன்னும் முடியலயா"ன்னு கேட்டுட்டு போவாங்க.

நடுவுல ஒரு சிக்கல். பிரைமர் ரெண்டு கோட்டு அடிச்ச அப்பறமும் செவப்பு பூ மட்டும் ரோஸ் நெழலா மேல வந்துச்சு. தண்ணிக்கு கசியற சாயம்னு நெனச்சேன், டர்பன்டைனுக்கும் கசியுது. எஸ்.டி. பிரைமர் எல்லா கறையையும் மூடிடும்னு கடையில சொல்றதை அப்படியே நம்பாதீங்க, இந்த எடத்துல எனக்கு அது கைவிட்டுடுச்சு. மேஸ்திரி அலட்டிக்கல, ஹெல்பர் பையனை அனுப்பி ஆசாரிங்க கதவுக்கு அடிக்கற அரக்கு பாலிஷ் வாங்கியாரச் சொன்னாரு, ஸ்பிரிட்ல அரக்கை கரைச்சது. பூ இருந்த எடத்துல மட்டும் அதை ரெண்டு தடவை தொட்டு விட்டாரு, பத்து நிமிஷத்துல காஞ்சுச்சு, மேல திரும்ப பிரைமர். அதுக்கப்பறம் இன்னி வரைக்கும் ரோஸ் வரல. மரத்துல பூச்சி கக்கின அரக்கு வந்து பிளாஸ்டிக் காயிதத்து சாயத்தை அடக்குது, எனக்கு இந்த மொத்த வேலையிலயும் ஆச்சரியமான விஷயம் அதுதான். மொதல்லயே தெரிஞ்சிருந்தா செவப்பு, தங்க கோடு இருக்கற எடத்துலல்லாம் ஆரம்பத்துலயே அரக்கு போட்டிருக்கலாம், ஒரு நாள் மிச்சம்.

வெயில் பத்தி சொல்லணும். நம்ம ஊர் கத்திரி வெயில் முடிஞ்சும் முடியாம, ஜூன் மொத வாரம். சுத்தி பாறை மலை, பகல்ல வாங்கின சூட்டை ராத்திரி பூரா ஊருக்குள்ள துப்பும். ரூம்ல மேற்கு பாத்த சுவரு மதியம் கை வெச்சா சுடுது. அந்த சூட்டுல பிரைமர் அடிச்சா பிரஷ் நகராது, இழுத்த எடத்துலயே காஞ்சு கோடு கோடா நிக்கும். அதனால காலையில ஆறு மணிக்கு வந்து பதினோரு மணிக்கு பிரஷ்ஷை கழுவிடுவாங்க, சாயங்காலம் நாலுக்கு மேல தேய்ப்பு வேலை மட்டும். நாள் கூலி குடுத்துட்டு பாதி நாளு ஆளு படுத்துக்கினு இருக்கேன்னு மொத நாள் எனக்கு உறுத்துச்சு, ரெண்டாவது நாள் நான் ஜன்னல் ஓரம் நின்னு பாத்தப்பறம் உறுத்தல.

வாடை. இதுதான் இந்த பிரைமர்ல எனக்கு பெரிய கொறை. டர்பன்டைன் வாடை முழுசா போக நாலு நாள் ஆச்சு, ஜன்னல் கதவெல்லாம் தொறந்து போட்டு, ஃபேன் ஓட விட்டு. எனக்கு தலைவலி, அத்தைக்கு இருமல், அவங்க ரெண்டு நாள் காட்பாடியில நாத்தனார் வீட்டுக்கு போயிட்டாங்க. ஆஸ்துமா இருக்கறவங்க, கைக்குழந்தை, மாசமா இருக்கறவங்க வீட்ல இருந்தா அவங்களை வேற எடத்துல வெச்சுட்டு பண்ணுங்க. அப்பறம் நெருப்பு. அந்த போர்ஷன் கிச்சன்ல கேஸ் பத்த வெக்க கூடாது, நான் வழக்கம் போல சாயங்காலம் அங்க மாடத்துல வெளக்கு ஏத்தப் போனேன், மேஸ்திரி ஓடி வந்து "ஏம்மா, ஊட்டையே கொளுத்தறியா"ன்னு கத்தினாரு. எண்ணெய் தொடைச்ச துணியை கூட சுருட்டி மூலையில போட விடல, வெளிய கொடியில விரிச்சு காய போட்டுட்டுதான் எடுத்துட்டு போனாரு, சுருட்டி வெச்சா தன்னால சூடாகி பத்திக்குமாம்.

செலவு கணக்கு. எஸ்.டி. பிரைமர் நாலு லிட்டர் டின் ரெண்டு, ஒண்ணு ஆயிரம் ரூபா கிட்ட ஆச்சு, ரெண்டாவது டின்ல ஒரு லிட்டர் மிச்சம். காயிதம் தெரியற எடம் நெறைய குடிச்சுது, தோலு இருக்கற எடத்துல கம்மி. எமல்ஷன் நாலு லிட்டர். பட்டி, உப்புத்தாள், டர்பன்டைன், அரக்கு, கோந்து எல்லாம் சேத்து ரெண்டாயிரம் தாண்டிச்சு. மேஸ்திரிக்கு நாளைக்கு ஆயிரம், பையனுக்கு எழுநூறு, ஆறு நாளு. ஆக மொத்தம் பதினஞ்சாயிரத்தை ஒட்டி வந்து நின்னுச்சு, கொத்தனாருக்கு குடுத்தது தனி. வெறும் சுவரா இருந்தா இதுல பாதியில முடிஞ்சிருக்கும். ஆனா முழுசா உரிச்சு பூசியிருந்தா எவ்ளோன்னு கொத்தனார் சொன்ன தொகையை கேட்டா இது ஒண்ணுமே இல்ல.

இப்ப எப்படி இருக்கு? நேரா நின்னு பாத்தா சுவரு சுவராத்தான் இருக்கு. உப்பல், ஒண்ணு கூட இல்ல. ஜாயிண்டு, ஹால்ல எங்கயும் தெரியாது, ரூம்ல ஒரு எடத்துல கண்ணு வெச்சு பாத்தா மயிரிழை மாதிரி கோடு. ஆனா அந்த புடைச்ச கொடி டிசைன் முழுசா போகல. சாயங்காலம் மேற்கு ஜன்னல்லருந்து வெயில் சாஞ்சு விழும்போது கொடி மெல்லிசா எழும்பி தெரியும். மேஸ்திரி மொதல்லயே சொன்னாரு, முழு சுவருக்கும் மூணு தடவை பட்டி இழுத்தா மறைச்சுடலாம், இன்னும் மூணு நாளு கூலி ஆகும்னு, நான்தான் வேணாம்னுட்டேன். பளபளக்கற ஃபினிஷ் கேட்டேன், அதை மட்டும் அவரு ஒத்துக்கல, மேடு பள்ளம் எல்லாம் காட்டி குடுத்துடும், மேட் ஃபினிஷ்தான் அடிப்பேன்னு நின்னாரு, அவரு சொன்னது சரி. போன மாசம் கல்கத்தாவுலருந்து வந்து தங்கின குடும்பத்துல ஒரு நாலு வயசு பையன், கட்டில் மேல நின்னுக்கினு சுவருல விரலை வெச்சு கொடி போற வழியா ஓட்டிக்கினே "ஃபூல், ஃபூல்"ன்னு (பெங்காலியில பூ) அவங்க அம்மாவுக்கு காட்டறான். அந்த அம்மா சுவரை பாத்துட்டு என்னை பாத்தாங்க. நான் பாலை அடுப்புல வெச்சுட்டு வந்த மாதிரி கெளம்பிட்டேன்.

மழைக்காலம்தான் எனக்கு பரீட்சை. ஐப்பசி கார்த்திகை பூரா தெனம் ஒரு தடவை போயி சுவரை தடவி பாத்தேன். சன்ஷேடு அடைச்சதால ஜன்னல் பக்கம் ஓதம் வரல, அது பெரிய நிம்மதி. ஆனா ரூம்ல கீழ் மூலையில, தரையிலருந்து ஒரு ஜாண் ஒசரத்துக்கு, பெயிண்ட் லேசா முட்டிக்கினு வருது. அது பிரைமரோட தப்பு இல்ல. பழைய சுண்ணாம்பு சுவரு அஸ்திவாரத்துலருந்து ஈரத்தை இழுத்து மூச்சு விடற சுவரு, அதுமேல வினைல், அதுமேல ஆயில்னு போத்திட்டா உள்ள இருக்கற ஈரம் வெளிய வர வழி தேடும். வினைல் ஒட்டின அன்னிக்கே அந்த தப்பு ஆயிடுச்சு, நாங்க அதுமேல இன்னொரு போர்வை போட்டிருக்கோம், அவ்ளோதான். உங்க வீட்டு சுவருல ஓதம் நெறைய இருந்தா, இல்ல காயிதத்துக்கு பின்னால பூஞ்சை வாடை வந்தா, தயவு செஞ்சு இந்த வேலையே வேணாம், கடன் வாங்கியாவது உரிச்சு பூசிடுங்க. ரெண்டு மூணு அடுக்கு வால்பேப்பர் ஒண்ணு மேல ஒண்ணு இருந்தாலும் வேணாம், பிரைமரோட எடை கூடினா அடி அடுக்கு மொத்தமா தொங்கிடும்.

இன்னொண்ணு, நாங்க அதோட சேத்து பழைய கதவு நெலைக்கும் அடிக்கலாம்னு இருந்தோம், மேஸ்திரி காஞ்ச உப்புத்தாள்ல தேய்க்க மாட்டேன்னுட்டாரு. பழைய இனாமல்ல ஈயம் இருக்கும், அந்த தூசியை மூச்சுல இழுக்க கூடாதாம். வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பி.பி.எம்.க்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்க கூடாதுன்னு 2016-ல விதி போட்டு 2017 நவம்பர்ல நடைமுறைக்கு வந்துச்சு, அதுக்கு முன்னால அடிச்சதை நம்ப முடியாது. தண்ணி தொட்டு ஈரமா தேய்ச்சாரு, மாஸ்க் போட்டுக்கினு. சுவருக்கு தண்ணி ஆகாது, கதவுக்கு தண்ணி இல்லாம ஆகாது, ஒரே வீட்ல.

மார்க் போடணும்னா பிரைமருக்கு அஞ்சுக்கு மூணரை. தண்ணியை தடுக்கற வேலையை சுத்தமா பண்ணுது, அதுக்கு முழு மார்க். வாடைக்கும், செவப்பு சாயத்தை மூடாததுக்கும் கழிச்சுட்டேன். அரக்கு பாலிஷுக்கு அஞ்சுக்கு அஞ்சு. மேஸ்திரி வேலைக்கு நாலரை, அந்த அரை மார்க் போன் எடுக்காததுக்கு. ஆளு வந்துட்டா வேலை தங்கம், ஆனா வர வெக்கறது பெரும்பாடு, தை பொங்கலுக்கு முன்னால ரெண்டு மாசம் அவரு எந்த தெருவுல இருக்காருன்னு அவங்க வீட்டுக்கே தெரியாது.

அந்த கீழ் மூலையை வெட்டி எடுத்துட்டு காய விட்டு திரும்ப அடிக்கணும், மிச்சமான ஒரு லிட்டர் பிரைமர் பரண்ல ஸ்கிராப்பர் பக்கத்துலயே இருக்கு. பொங்கல் வேலை முடிச்சுட்டு வரேன்னாரு. பொங்கல் போயி இருபது நாளாச்சு, நேத்து போன் போட்டேன், அதிசயமா எடுத்தாரு. "மாசி பொறக்கட்டும்மா"ன்னாரு.